எட்டுக்கு நாற்பத்து மூன்று

தர்மபுரி பக்கம் யாராவது வண்டி வாங்கினால் ஊரில் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். 'மலை ஏறுமா?' 'லிட்டருக்கு எவ்ளோ குடுக்கும்?' விலையைக்கூட அதற்கப்புறம்தான் விசாரிப்பார்கள். 'ஏறினது பத்திரமா இறங்குமா?' என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் எங்கள் மாவட்டத்தில் ஏற்ற இறக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. தெற்கே சேலம் போக வேண்டுமென்றால் தொப்பூர் கணவாயில் இறங்க வேண்டும். மேற்கே ஒகேனக்கல்லில் காவிரியைப் பார்க்கவும் இறங்கித்தான் ஆக வேண்டும். வத்தல்மலை, சித்தேரி என்றால் ஏற்றம். ஏறினவன் சாயந்தரம் இறங்கித்தானே வீடு வந்து சேர வேண்டும்?

என் சித்தப்பா மகன் ஒருவன் வத்தல்மலை அடிவாரத்தில் இருக்கிறான். மலைமேல் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி மூட்டை கட்டிக் கீழே இறக்கி விற்பது தொழில். அதற்காக ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் வைத்திருக்கிறான். அவன் பெண்டாட்டி, பிள்ளைகளைவிட அதைத்தான் அதிகம் துடைப்பான்.

ஏதோ ஒரு கல்யாணத்தில், மண்டப வாசலில் நின்ற ஒரு ஜீப்பைப் பார்த்துவிட்டான். டயர் ஒவ்வொன்றும் சின்னப் பையன் உயரம். அன்று சாப்பிட்ட சாப்பாடு இறங்கவில்லை. இரண்டே வாரத்தில் எங்கேயோ அலைந்து, பாதி தேய்ந்த அதே மாதிரி டயர் நான்கு வாங்கி மாட்டிவிட்டான். ஜீப் திடீரென்று பயில்வான் மாதிரி ஆகிவிட்டது. என்ன... அவன் மனைவி ஏறி உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை வண்டியிலேயே போட்டு வைக்க வேண்டியதாயிற்று!

ஒரு மாதத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. செகண்ட் கியரில் ஏறிக்கொண்டிருந்த வளைவில் ஃபர்ஸ்ட் கேட்டது. ஃபர்ஸ்ட் போட்டால் கிளட்ச் வாசம் அடித்தது. 'எஞ்சின் போயிடுச்சுண்ணா' என்று போனில் புலம்பினான். டீசல் பம்ப்பைக் கழற்றி சர்வீஸ் செய்தான். நாஸிலை மாற்றினான். பணம் போனதுதான் மிச்சம். கடைசியில் தர்மபுரியில் ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டான். துணைக்கு நானும் போயிருந்தேன்.

பெரியவரை எல்லோரும் 'பாய்' என்பார்கள். லாரியில் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, முதுகுவலியால் இறங்கி, மெக்கானிக் ஆனவர். ஷெட்டில் போர்டு கிடையாது. வண்டியைச் சுற்றி ஒரே ஒரு தடவை நடந்தார்.

'எஞ்சின் மேல ஏன் தம்பி பழி போடற? டயரை யாரு மாத்தச் சொன்னது?'

'கல்லு மேல ஏர்றதுக்கு உசரம் வேணும்ல பாய்...'

'உசரம் கெடைச்சுது, பலம் போச்சு. கெடைச்சத ஊருக்கெல்லாம் காட்டற. போனதுக்கு மட்டும் எஞ்சினைத் திட்டற.'

எனக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போய், சாக்கில் சுற்றி வைத்திருந்த ஒன்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். எண்ணெய்ப் பிசுக்குடன் இரண்டு இரும்புச் சக்கரங்கள். பெரியது சாப்பாட்டுத் தட்டு அளவு, பெயர் கிரவுன். சின்னது ஒரு தண்டின் நுனியில் பூ மாதிரி, பெயர் பினியன். ஜீப், லாரி எதுவானாலும் பின்பக்க ஆக்ஸிலின் நடுவே உருண்டையாகப் பானை மாதிரி ஒன்று தொங்குமே, அதற்குள்ளே இந்த ஜோடிதான் இருக்கிறது.

'எண்ணிப் பாருங்க சார்.'

எண்ணினேன். பினியனுக்கு 8 பல். கிரவுனுக்கு 43.

விஷயம் சுலபம்தான். எஞ்சினிலிருந்து கியர் பாக்ஸ் வழியாக வரும் தண்டு பினியனைச் சுற்றுகிறது. பினியன் கிரவுனைச் சுற்றுகிறது. கிரவுன் சக்கரத்தைச் சுற்றுகிறது. பினியன் ஐந்து தடவைக்கு மேல், கணக்காகச் சொன்னால் 5.38 தடவை சுற்றினால்தான் சக்கரம் ஒரு தடவை சுற்றும். வேகம் அந்த அளவுக்குக் குறையும், முறுக்கு பலம் அந்த அளவுக்குக் கூடும். கியர் சைக்கிளில் மேடு வந்தால் பின்னால் பெரிய பல் சக்கரத்துக்குச் செயினை மாற்றிக்கொள்கிறோமே, அதே சங்கதிதான். ஒரே ஒரு வித்தியாசம். சைக்கிளில் ஓடும்போதே மாற்றலாம். இது வண்டி பிறக்கும்போதே முடிவு செய்யப்பட்டு ஹவுசிங்குக்குள் பூட்டப்பட்டுவிடுகிறது. டிரைவர் சீட்டில் இதற்கென்று லீவர் கிடையாது.

'ஏன் 43? 40 வைத்திருந்தால் கணக்கு சுலபமாக, அஞ்சுக்கு ஒன்று என்று இருக்குமே?' என்று கேட்டேன்.

பாய் சிரித்தார். 'அப்புறம் அதே பல்லு அதே பல்லைத்தான் கடிச்சிட்டிருக்கும் சார். ஒண்ணு சொத்தையானா அதோட ஜோடியும் சொத்தை. இதுல எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் மாத்தி மாத்திக் கடிக்கும். சமமாத் தேயும்.' 8-க்கும் 43-க்கும் பொது வகுத்தி கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடத்தை, பள்ளிக்கூடம் முடிக்காதவர் இப்படிச் சொன்னார்.

இந்த 8-க்கு 43-க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லீஸ் கம்பெனி செய்த ஜீப்பில் இருந்தது 8-க்கு 39, அதாவது 4.88. சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு ரோட்டில் விரட்ட வேண்டிய வண்டி அது. 1945-ல் யுத்தம் முடிந்தது. மிச்சமிருக்கும் ஆசையை விவசாயிகளிடம் விற்றுப் பார்க்கலாமே என்று அதே ஜீப்பைக் கொஞ்சம் மாற்றி, 'சிவிலியன் ஜீப்' என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தார்கள். பகலில் ஏர் இழுக்கும், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் போகும் என்கிற மாதிரி. டயர் அளவு அதேதான். ஆனால் ஏர் இழுக்க வேகம் எதற்கு, பலம்தானே வேண்டும்? ஆக்ஸிலுக்குள் 39-ஐ எடுத்துவிட்டு 43-ஐ வைத்தார்கள். 4.88 என்பது 5.38 ஆனது. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அந்த நான்கு பல்தான் போர் வண்டியை உழவு வண்டியாக்கியதில் ஒரு முக்கியமான மாற்றம். 1940-களின் கடைசியில் மஹிந்திரா இங்கே ஜோடிக்க ஆரம்பித்ததும் அந்த வில்லீஸ் வம்சத்து ஜீப்தான்.

சரி, டயருக்கு வருவோம்.

பாய் ஒரு சாக்பீஸை எடுத்தார். டயர் தரையைத் தொடும் இடத்தில் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. வண்டியைத் தள்ளச் சொன்னார். கோடு ஒரு முழுச் சுற்று சுற்றி மறுபடி தரையைத் தொட்ட இடத்தில் இன்னொரு கோடு. டேப்பை வைத்து அளந்தார். கிட்டத்தட்ட 8 அடி ஏழரை அங்குலம். ஷெட் ஓரமாகக் கிடந்த பழைய டயரையும் அதே மாதிரி உருட்டினார். 7 அடி 4 அங்குலம்.

'முன்னே ஒரு சுத்துக்கு ஏழடி தள்ளிட்டிருந்த எஞ்சினை இப்போ எட்டரை அடி தள்ளச் சொல்றே. கூலி மட்டும் அதேதான். அது மொணகாதா?'

பழைய டயர் 28 அங்குல உயரம். புதுசு 33. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5.38-ஐ 28-ஆல் பெருக்கி 33-ஆல் வகுத்தால் 4.56 வருகிறது. அதாவது, டயரை மாற்றிய அன்றைக்கே என் தம்பி தன்னையறியாமல் உழவு ஜீப்பை எடுத்துவிட்டு, ராணுவ ஜீப்பையும் தாண்டி, தார் ரோட்டுக்கு மட்டுமே லாயக்கான ஒரு வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறான். அதுவும் வத்தல்மலைக்கு!

இதில் இன்னும் சில உபரி சங்கடங்கள் உண்டு. ஸ்பீடாமீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றுகிறது என்றுதான் எண்ணும். டயர் பெருத்தது அதற்குத் தெரியாது. அது 60 என்று காட்டும்போது வண்டி உண்மையில் 70-ல் போகிறது. பிரேக்கும் அப்படியே. டிரம்முக்குள் இருக்கும் பிரேக் அதேதான். ஆனால் அது பிடித்து நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகிவிட்டதால், தரையில் கிடைக்கும் பிடி சுமார் 15 சதவீதம் குறைந்துவிட்டது. வேகம் கூடுதல், காட்டுவது குறைச்சல், பிரேக்கும் குறைச்சல்.

பெரிய டயரால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. ஸ்பிரிங் பட்டையை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும். அந்தப் பானை மாதிரி ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருந்து கல்லில் இடிக்கும். அதைத் தூக்க டயர் ஒன்றுதான் எளிய வழி. 33 போட்டால் தரைக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் இரண்டரை அங்குலம் கூடுதலாகக் கிடைக்கும். கரடுமுரடான பாதையில் அந்த இரண்டரை அங்குலம் பெரிய சொத்து. ஆனால் அதற்கான விலையை கிரவுன் பினியனில் கட்ட வேண்டும்.

எவ்வளவு? பழைய விகிதத்தைப் புது டயரின் உயரத்தால் பெருக்கி, பழைய டயரின் உயரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். 5.38 பெருக்கல் 33 வகுத்தல் 28... 6.34 வருகிறது. பழைய பலம் திரும்ப வேண்டுமென்றால் 7-க்கு 44 மாதிரி ஒரு ஜோடி வேண்டும்.

'அது வேணாம் தம்பி' என்றார் பாய். 'கிரவுன் சைஸை அந்த ஹவுசிங்குக்கு மேல பெருசாக்க முடியாது. அப்போ பினியனைத்தான் சிறுசாக்கணும். பல்லு கம்மியானா சுண்டு விரல் மாதிரி ஆயிடும். சுமையோட கல்லுல மாட்டினா படக்குனு ஒடியும். இன்னொண்ணு, பின்னாடி மட்டும் மாத்த முடியாது. முன் ஆக்ஸில்லயும் அதே கணக்கு இருக்கணும். இல்லன்னா ஒரே நுகத்துல ஒரு மாடு வேகமாவும் ஒரு மாடு மெதுவாவும் போற கதைதான். நுகம் முறியும்.'

பெரிய டயர் வைத்தும் பலம் குறையாத வண்டி உலகத்தில் இல்லையா என்றால், நம் வயலிலேயே நிற்கிறது. டிராக்டர்! பின் டயர் கிட்டத்தட்ட நாலேகால் அடி உயரம். உழும்போது மணிக்கு 3 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பெரிய சக்கரம் நிமிஷத்துக்கு 12 சுற்றுதான் சுற்றும். எஞ்சினோ 2,000 சுற்று சுற்றிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒன்றுக்கு 160-க்கும் மேலே குறைத்தாக வேண்டும். அதை ஒரே ஜோடிப் பல்லின் தலையில் கட்டாமல், கியர் பாக்ஸில் கொஞ்சம், கிரவுனில் கொஞ்சம், கடைசியாகச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு செட் பல்லில் கொஞ்சம் என்று பங்கு போட்டிருக்கிறார்கள். டயரைப் பார்த்து ஆசைப்படுகிற நாம் அந்தக் கடைசிப் பல் செட்டைப் பார்ப்பதில்லை.

பாய் தம்பியிடம் சில கேள்விகள் கேட்டார். மாதத்தில் எத்தனை நாள் மலைக்குப் போறே? எவ்வளவு சுமை? எந்த இடம் ரொம்ப மோசம்? தம்பி யோசித்து யோசித்துச் சொன்னான். வத்தல்மலைக்கு இப்போது தார் ரோடு வந்துவிட்டது. முன்பு மாதிரி கல்லுப் பாதை கிடையாது. தோட்டத்துக்குள் போகும் கடைசிக் கொஞ்ச தூரம்தான் மண். அதாவது, ரோடு இல்லாத காலத்துக்கு வேண்டிய டயரை ரோடு போட்ட பிறகு வாங்கியிருக்கிறான்!

ரோடே இல்லாத இடம் மாவட்டத்தில் இருக்கத்தான் செய்தது. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில்கூட ஓட்டுப்பெட்டி இயந்திரத்தைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். கழுதைக்கு ஒரே கியர்தான். ஆனால் அது ஏறவும் சரி, இறங்கவும் சரி, சரியான கியர்.

'கீழ இறங்கறப்போ எப்படி இருக்கு?' என்றார் பாய்.

அங்கேதான் விஷயம் வெளியே வந்தது. போன வாரம் எட்டு மூட்டை மிளகோடு, பின்னால் இரண்டு கூலியாட்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறான். வழக்கம்போல தேர்ட் கியர். வழக்கத்தைவிட வண்டி ஓடியது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்ததில் பாதி மலையில் கருகல் நாற்றம். கடைசி இரண்டு வளைவில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போயிருக்கிறது. அடிவாரம் வந்து நிறுத்தியதும் கூலியாட்கள் ஒன்றும் பேசாமல் இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டார்கள். இதை அவன் வீட்டில் சொல்லவில்லை. எனக்கும் அன்றுதான் தெரியும்.

அதுவரை கிண்டலாகப் பேசிக்கொண்டிருந்த பாயின் முகம் மாறிவிட்டது. 'தொப்பூர்ல எத்தனை பொணம் தூக்கியிருக்கேன் தெரியுமா தம்பி?' என்றார்.

தொப்பூர் பெயரைக் கேட்டாலே எங்கள் ஊர்க்காரர்களுக்கு வயிறு பிசையும். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி போகும் தேசிய நெடுஞ்சாலை, தர்மபுரி மேட்டிலிருந்து சேலம் பக்கம் சரியும் இடம் அது. வடக்கே எங்கெங்கிருந்தோ சமதளத்தில் வந்த டிரைவருக்குத் திடீரென்று சரிவு. 2020 டிசம்பரில் பாரம் ஏற்றி வந்த ஒரு லாரி, முன்னால் நின்ற வண்டிகள் மேல் வரிசையாக ஏறியதில் நான்கு பேர் போனார்கள். 2024 ஜனவரியில் மறுபடி அதே கணவாயில் லாரிகளும் கார்களும் ஒன்றோடொன்று மோதி, மறுபடி நான்கு பேர். அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 40 டன் லாரி 100 மீட்டர் உயரம் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் கூடாமல் இறங்க வேண்டுமானால், அந்த உயரத்தில் இருந்த சக்தி முழுக்க எங்கேயாவது சூடாகக் கழிய வேண்டும். எவ்வளவு சூடு? ஏறக்குறைய பத்துக் குடம் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற அளவு. நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் பிரேக் டிரம்மின் தலையில். டிரம் சூடானால் விரியும், லைனிங்குக்கு எட்டாமல் விலகும். லைனிங்கும் பிடிப்பை இழக்கும். அதன்பின் டிரைவர் மிதிப்பது வெறும் பெடலைத்தான். கியரில் இறங்கினால் சக்கரம் கிரவுனைச் சுற்றி, கிரவுன் பினியனைச் சுற்றி, பினியன் எஞ்சினைச் சுற்ற வேண்டும். ஏறும்போது உதவிய அதே பல், இறங்கும்போது எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வண்டியை இழுத்து நிறுத்துகிறது. கிரவுன் விகிதம் எத்தனை பெரிதோ, பிடியும் அத்தனை பலம். அதனால்தான் லாரியில் 7-க்கு 41, 6-க்கு 41 என்று வேலைக்குத் தகுந்த மாதிரி வெவ்வேறு ஜோடி. குவாரி டிப்பருக்கு ஒன்று, நெடுஞ்சாலை லாரிக்கு ஒன்று.

இதில் பரிதாபம் என்னவென்றால், நியூட்ரல் போடுவது டீசல் மிச்சம் பண்ணத்தான். உண்மையில் மிச்சமே இல்லை! சரிவில் கியரில் விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் பம்ப் டீசலை நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொள்ளும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். 'அப்போ எஞ்சினை ஆஃப் பண்ணிட்டா?' என்று கேட்கும் புத்திசாலிகளும் உண்டு. பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரஸர் நிற்கும், ஸ்டீயரிங் கல்லாகும். சரிவில் பாரத்தோடு இருக்கும்போது இது இரண்டும் வேண்டுமா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரித்த கம்பெனி குறித்துக் கொடுத்ததற்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டயர் மாற்றும் ஆசை உள்ளவர்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

தம்பி கொஞ்ச நேரம் அந்த 43 பல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, 'பழைய டயரையே மாட்டிடுங்க பாய்' என்றான். குரலில் கல்யாணப் பெண்ணை அனுப்புகிற துக்கம். நான்கு பெரிய டயரும் பாதி விலைக்குப் போயின. பிரேக் லைனிங் புதுசு போட்டார்கள். ஸ்டூல் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டது. அவன் மனைவிக்குக் காரணம் இன்னும் முழுசாகத் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள், தெரிந்துகொள்ளட்டும்.

கிளம்பும்போது பாய் காசு வாங்கிக்கொண்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார். 'எந்த கியர்ல ஏறுனியோ, அந்த கியர்ல எறங்கு. அவசரம்னா நாளைக்குப் போ.'

அன்றிலிருந்து தொப்பூரில் கார் ஓட்டும்போது நான் ஒன்றைக் கவனிக்கிறேன். நமக்கு முன்னால் ஒரு பார லாரி, இடது ஓரமாக, எஞ்சின் உறும உறும, நடைவேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் நாமெல்லாம் எரிச்சலோடு ஹாரன் அடிப்போம். தயவுசெய்து அடிக்காதீர்கள். அந்த உறுமல், அவர் கியரில் இறங்குகிற சத்தம். அவர் பத்துக் குடம் வெந்நீரைப் பத்திரமாகக் கீழே இறக்கிக்கொண்டிருக்கிறார். பயப்பட வேண்டியது, சத்தமே இல்லாமல் பின்னால் வருகிறதே... அந்த லாரிக்குத்தான்.